கயோட்டியைக் கூப்பிட்டு வேட்டையாட எங்கே தொடங்குவது?

2023 அக்டோபர் 7, காலை (கேள்வி)

டெக்சஸில் சான் ஏஞ்சலோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. என்னோடு வேலை பார்ப்பவரின் மாமனாருக்கு ஊருக்குத் தெற்கே ஆட்டுப் பண்ணை. போன வசந்தத்தில் 11 குட்டிகளைக் கயோட்டி (நம் ஊர்க் குள்ளநரி போன்ற காட்டு விலங்கு) தூக்கிவிட்டதாம். "வந்து ரெண்டைச் சுட்டுக் கொடேன்" என்கிறார்கள். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. வீடியோக்களில் முயல் அலறுவது போல் கத்தும் ஊதலை ஊதிய ஐந்தாவது நிமிடம் அது ஓடி வந்து நிற்கிறது. உண்மையிலேயே அவ்வளவு சுலபமா? என்ன ஊதல், என்ன துப்பாக்கி, எங்கே உட்காருவது? ஆறேழு வருடமாகப் போகிற அண்ணன் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கேட்கிறேன்.

2023 அக்டோபர் 7, இரவு

எதையும் வாங்காதீர்கள் தம்பி. முதலில் காகித வேலை.

எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. கிரீன் கார்டு என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசா என்றால் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதற்குள்ள விதிவிலக்குகளில் நம் ஆட்களுக்குப் பயன்படுவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். நண்பரின் துப்பாக்கியைச் சும்மா கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அது உங்களிடம் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் என் பேச்சை மட்டும் நம்பாமல் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு முயல் சத்தத்துக்காக விசாவைப் பணயம் வைக்க முடியாது.

அப்புறம் பாடம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் டெக்சஸில் வேட்டைக் கல்விப் பாடத்தை முடிக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம், ஆனால் துப்பாக்கியே தொடாதவருக்கு நேரில் போய் உட்காருவதுதான் நல்லது. மானுக்கு இருப்பது போல் கயோட்டிக்குப் பருவமோ எண்ணிக்கை வரம்போ இங்கே கிடையாது, தனியார் நிலத்தில் இரவிலும் போகலாம். அதனால் லைசென்ஸும் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டும்.

2023 அக்டோபர் 8

இப்போது உங்கள் கேள்வி. ஐந்து நிமிடத்தில் வருமா? சில நாள் வரும். மூன்று நிமிடத்தில் என் மடிமேல் ஏறிவிடும் போல வந்த ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் முதல் பருவத்தில் 14 இடங்களில் உட்கார்ந்து ஒன்றுகூட வரவில்லை. வரவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். நான் போகும் பண்ணையின் பெரியவர் மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய், நான் உட்கார்ந்த புதருக்கு 60 கெஜம் பின்னால் மணலில் புதுத் தடம் காட்டினார். வந்திருக்கிறது, என் வாசனை பிடித்திருக்கிறது, திரும்பிப் போயிருக்கிறது. 14 இடங்களில் எத்தனை இடத்தில் அப்படி நடந்ததோ.

அதனால் நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், காற்று. சத்தத்தைக் கேட்டதும் அது நேராக வராது, காற்று அந்தச் சத்தத்தின் மேல் பட்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சுற்றிப் போய் மூக்கால் சரிபார்த்துவிட்டுத்தான் வரும். உடம்பு வாசனையை மறைக்கும் ஸ்பிரேக்களுக்கு நானும் பணம் கொடுத்திருக்கிறேன், அந்த மூக்கிடம் எதுவும் நிற்காது. சின்ன டப்பாவில் பவுடர் வைத்துக்கொண்டு ஊதிப் பாருங்கள். காற்று முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள்.

இடம்: அந்தப் பக்கம் பெரும்பாலும் மெஸ்கீட் மரமும் சப்பாத்திக் கள்ளியும்தான். மெஸ்கீட் என்றதும் பயப்படாதீர்கள், ராமநாதபுரம் பக்கத்துக்காரர் என்றால் பார்த்த உடனே தெரியும், நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம், அதே இலை, அதே முள். முதல் தடவை அந்த மரத்தடியில் உட்கார்ந்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து ஊதலை எடுக்கவே நேரமாகிவிட்டது. ஒரு புதரின் முன்னால், அதன் நிழலில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். புதருக்குப் பின்னால் ஒளிந்தால் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், எட்டிப் பார்க்கும் தலையை அது முதலில் பார்த்துவிடும். அசையாமல் இருந்தால் முன்னால் இருப்பதே போதும்.

2023 அக்டோபர் 8, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. டெக்சஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். தற்காலிக விசாக்காரருக்கு அன்றோடு அந்த விதிவிலக்கும் முடிகிறது, துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கும். தேதியை போனில் போட்டு வையுங்கள்.

2023 அக்டோபர் 15

ஊதல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

எளியது மூடிய நாக்கு ஊதல். உள்ளே இருக்கும் தகட்டை உதடு தொடாது, ஊதினாலே முயல் கத்தும். திறந்த நாக்கு ஊதலில் தகட்டைப் பல்லாலும் உதட்டாலும் அழுத்தி முயல், குட்டி, ஊளை எல்லாம் கொண்டுவரலாம், ஆனால் ஒரு மாதப் பயிற்சி வேண்டும். காரில் பயிற்சி செய்யுங்கள், வீட்டில் வேண்டாம். ரிமோட்டில் இயங்கும் ஸ்பீக்கரும் கயோட்டிக்கு இங்கே சட்டப்படி சரிதான். அதன் பெரிய நன்மை சத்தம் இல்லை, தூரம். சத்தம் உங்களிடமிருந்து 40 கெஜம் தள்ளி வருவதால் அது தேடும் கண் உங்கள் மேல் இருக்காது.

இந்தக் கலையில் டெக்சஸுக்குப் பெரிய பங்கு உண்டு. மார்பிள் ஃபால்ஸில் பர்ன்ஹாம் சகோதரர்கள் என்று இருவர், அவர்களுடைய அப்பா கருவி எதுவும் இல்லாமல் உதட்டாலேயே முயல் அழுவது போல் சத்தம் செய்து நரியைக் கூப்பிடுவாராம், மகன்கள் ஊதல் செய்து நாடெங்கும் விற்றார்கள். வேகோவில் ஜானி ஸ்டூவர்ட் நிஜ விலங்குகளின் அலறலைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றார். இன்று ரிமோட்டில் தட்டுகிற சத்தங்களுக்கெல்லாம் அதுதான் வேர்.

முதல் ஒரு நிமிடம் மெதுவாக ஊதுங்கள். பக்கத்திலேயே ஒன்று படுத்திருக்கலாம், எடுத்த எடுப்பில் அலறினால் அது ஓடியே போகும். பதில் வராவிட்டால் சத்தத்தைக் கூட்டலாம். 15 நிமிடம் போதும், அப்புறம் எழுந்து அரை மைல், முக்கால் மைல் தள்ளி அடுத்த இடம்.

2023 அக்டோபர் 29

வேட்டை பற்றி இல்லை, பெயர் பற்றி. கயோட்டியா கொயோட்டியா என்று ஒருவர் கேட்டிருந்தார். மெக்சிகோவின் நவாட்டில் மொழியில் கொயோட்டில், அது ஸ்பானியம் வழியாக வந்தது. நம் பண்ணைப் பெரியவர் வாயில் அது "கையோட்". தமிழில் நரி என்று எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே சாம்பல் நரியும் இருக்கிறது, அது வேறு. உடம்பிலும் ஊளையிலும் நம் ஊர்க் குள்ளநரிக்குத்தான் கயோட்டி கிட்ட வரும்.

சின்ன வயதில் பாட்டி வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும்போது கண்மாய்ப் பக்கம் குள்ளநரி ஊளை கேட்கும். நரிக்குறவர்கள் அதே குரலில் கத்தி அதை வரவழைப்பார்கள் என்று பாட்டி சொல்லுவாள். வனவிலங்குச் சட்டப்படி இப்போது அங்கே அதைத் தொடக்கூடாது, தொடவும் வேண்டாம். ஆனால் ஒரு விலங்கின் குரலைத் தொண்டையில் வைத்திருந்த மனிதர்கள் நம் பக்கம் இருந்தார்கள் என்பது, ஊதலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

2023 நவம்பர் 12

அக்டோபர் 8 அன்று "காற்று முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள்" என்று எழுதியது பாதி தப்பு. நேற்று அதே தப்பை நானே செய்தேன், வீட்டுக்கு வந்து யோசித்தால் கோபம் வருகிறது.

காற்று முகத்தில் அடித்தால் உங்கள் வாசனை முதுகுக்குப் பின்னால் போகிறது. அது சுற்றி வருவதும் முதுகுக்குப் பின்னால்தான். நீங்கள் முன்னால் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், கதை பின்னால் முடிந்துவிடும். மணலில் தடம் பார்த்தேன் என்றேனே, அந்த இடத்திலும் இதே கதைதான்.

காற்று குறுக்கே போகட்டும். வலது கைக்காரர் உட்கார்ந்தபடி இடது பக்கம்தான் சுலபமாகத் துப்பாக்கியைத் திருப்ப முடியும், அதனால் காற்று வலமிருந்து இடமாக வீசும்படி உட்காருங்கள். ஸ்பீக்கரை வலது முன்பக்கம் 40 கெஜத்தில் வையுங்கள். இடது பக்கம் வெட்டவெளி இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். அது சத்தத்துக்கு இடப்பக்கமாகச் சுற்றி வரும்போது உங்கள் வாசனைக் கோட்டைத் தொடுவதற்கு முன்னால் அந்த வெட்டவெளியைக் கடந்தாக வேண்டும். அங்கே நின்றால்தான் உங்களுக்கு வாய்ப்பு. ஓடி வந்தால் வாயால் "வோஃப்" என்று ஒரு குரல் கொடுங்கள், பெரும்பாலும் ஒரு கணம் நின்று பார்க்கும்.

15 நிமிடம் என்றதையும் 20 ஆக்கிக்கொள்ளுங்கள். 16வது நிமிடம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தபோது 100 கெஜத்தில் ஒன்று நின்று என்னைப் பார்த்தது, அது இரண்டு முறை நடந்தாயிற்று.

2023 நவம்பர் 26

லைசென்ஸும் பாடமும் முடித்துப் பெரியவரோடு நான்கு இடத்தில் உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். நான்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அவர் எழுதியதில் ஒரு வரி கண்ணில் பட்டது, "வண்டியை நிறுத்திவிட்டு 50 அடி நடந்து உட்கார்ந்தோம்". அங்கேதான் போயிற்று. பிக்கப் கதவைப் படாரென்று சாத்தும் சத்தம் அமைதியான காலையில் அரை மைல் கேட்கும். வண்டியை மேட்டுக்கு மறுபக்கம் பள்ளத்தில் விடுங்கள், கதவைச் சாத்தாமல் விரலால் அழுத்தி விடுங்கள், பண்ணைக் கேட்டின் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு அவிழுங்கள், கால் மைல் நடங்கள், மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி உருவம் தெரியும்படி நடக்காதீர்கள். வேட்டையில் முக்கால்வாசி வேலை ஊதுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

அக்டோபர், நவம்பர்தான் உங்களுக்கு நல்ல காலம். ஏப்ரல், மே மாதம் பிறந்த கயோட்டிக் குட்டிகள் இப்போது தாயை விட்டுப் பிரிந்து தனியாக அலையும். பசி அதிகம், அனுபவம் குறைவு. ஜனவரியில் மிச்சம் இருப்பவற்றில் பல, முயல் சத்தத்துக்கு வந்து ஒரு முறை குண்டு தப்பியவை.

2023 டிசம்பர் 17

துப்பாக்கி. நான் .223 (தோட்டாவின் அளவைக் குறிக்கும் எண்) ரைஃபிள் வைத்திருக்கிறேன். பின்னுதைப்பு குறைவு, தோட்டா எங்கும் கிடைக்கும், பழகுபவருக்கு அது போதும். .22-250 இன்னும் வேகமானது, .243 காற்றில் உறுதியாகப் போகும். ஆனால் மெஸ்கீட் அடர்ந்த இடத்தில் 40 கெஜத்துக்குள் வரும்போது சிறு குண்டுகளைச் சிதறவிடும் 12 கேஜ் ஷாட்கன்தான் சரி, பெரியவர் இன்றும் அதைத்தான் எடுக்கிறார். 40 கெஜத்தைத் தாண்டினால் அதை வைத்துச் சுடக்கூடாது, காயத்தோடு ஓடும்.

மேசையில் வைத்துச் சுட்டுப் பழகுவது போதாது. காட்டில் மேசை கிடையாது. தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்கு முன்னால் கவட்டைக் குச்சி வைத்து, 100 கெஜத்தில் உள்ளங்கை அளவுக்குள் ஐந்து குண்டும் விழும் வரை சுடுங்கள். அது வரும் வரை உயிர் மேல் குறி வைக்க வேண்டாம். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2024 ஜனவரி 7

இதை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பொழுது சாயும் நேரம். ஸ்பீக்கரில் முயல். 150 கெஜத்தில் கள்ளிக்கு நடுவில் பழுப்புச் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. காது நிமிர்ந்திருக்கிறது, உயரம் சரி. ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கியில்) பிடித்து, பாதுகாப்புப் பூட்டையும் எடுத்துவிட்டேன். அது தலையைத் திருப்பியது. கழுத்தில் பட்டை. பக்கத்துப் பண்ணைக்காரரின் நாய். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடுவதை நான் பார்த்திருக்கிறேன். பூட்டைப் போட்டேன், தோட்டாக்களை எடுத்தேன், அன்று வண்டி வரைக்கும் கை நடுக்கம் நிற்கவில்லை.

அதிலிருந்து பைனாகுலர் கழுத்தில் இல்லாமல் நான் போவதில்லை. ஸ்கோப்பால் பார்த்து அடையாளம் காண்பது என்றால் இன்னது என்று தெரியாத ஒன்றின் மேல் துப்பாக்கியை நீட்டுகிறோம் என்று அர்த்தம். கயோட்டி ஓடும்போது வால் முதுகுக்குக் கீழே தொங்கும், நாய் பெரும்பாலும் வாலைத் தூக்கி ஓடும். பட்டை தெரிகிறதா, முகம் ஒடுங்கி இருக்கிறதா, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, மண்மேடா, ரோடா, வீடா. ஒன்று சந்தேகம் என்றாலும் விட்டுவிடுங்கள். இன்னொன்று, நீங்கள் செய்கிற முயல் சத்தத்துக்கு வேறொரு வேட்டைக்காரரும் வரலாம். அன்றைக்கு யார் யார் நிலத்தில் இருக்கிறார்கள் என்று பெரியவரிடம் கேட்காமல் உட்கார வேண்டாம். இரவில் போவதென்றால் வனவிலங்குக் காவலருக்கு முன்கூட்டியே ஒரு போன் செய்துவிடுங்கள்.

2024 ஜனவரி 8

வேலியில் ஊதா பெயின்ட் பற்றிக் கேட்டவருக்கு: கம்பத்திலோ மரத்திலோ செங்குத்தாக ஊதாக் கோடு இருந்தால் "உள்ளே வராதே" பலகைக்குச் சமம், 1997 முதல் டெக்சஸில் அதுதான் சட்டம். அடிபட்ட கயோட்டி அந்த வேலியைத் தாண்டிப் போனால்கூட அனுமதி கேட்காமல் பின்னால் போகக்கூடாது. பொது ரோட்டிலிருந்து சுடுவதும் கூடாது.

2024 ஜனவரி 28

முயல் சத்தத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இது ஜோடி சேரும் காலம், பிப்ரவரியில் உச்சம். தன் எல்லைக்குள் புதுக் குரல் கேட்டால் ஆண் பெண் இரண்டுமே பார்க்க வரும். தனியாக ஒரு நீண்ட ஊளை, இரண்டு நிமிடம் அமைதி, மறுபடி ஒன்று. அவ்வளவுதான். அதிகம் ஊளையிட்டால் சண்டைக்கு வந்தவன் என்று சின்னவை பயந்துவிடும்.

விடியற்காலையில் பதில் ஊளை கேட்டால் எட்டுப் பத்து இருக்கிறது என்று நினைப்பீர்கள். இரண்டே போதும் அந்தச் சத்தத்துக்கு, குரலை மாற்றி மாற்றி உடைத்து ஒரு கூட்டம் போலக் காட்டும். நேற்று அதைக் கேட்டுக்கொண்டு துப்பாக்கியை மடியில் வைத்தபடியே இருந்துவிட்டேன். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். பிடித்ததை ஏன் சுடுகிறாய் என்று என் மனைவி கேட்பாள். பெரியவரின் கொட்டிலில் தாயில்லாமல் புட்டிப்பால் குடிக்கும் குட்டிகளைப் பார்க்கும்போது ஒரு பதில் இருக்கிறது, காட்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பதில் அவ்வளவு உரக்கக் கேட்பதில்லை.

2024 பிப்ரவரி 18

"எத்தனை சுட்டாலும் குறையாது, அப்புறம் எதற்கு?" என்று ஒருவர் காட்டமாகக் கேட்டிருக்கிறார். பாதி அவர் பக்கம்தான் நியாயம். நூறு வருடத்துக்கு மேல் சுட்டும், பொறி வைத்தும், விஷம் வைத்தும் பார்த்தார்கள். 1972இல் கூட்டாட்சி நிலங்களில் விஷத்துக்குத் தடை வந்தது. அதற்குள் கயோட்டி குறைவதற்குப் பதில் கிழக்கே பரவிக்கொண்டிருந்தது, இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. நெருக்கடி கூடினால் ஈற்றில் குட்டிகள் கூடுகின்றன, காலியான இடத்துக்கு வேறொன்று வருகிறது.

ஆனால் நாங்கள் கேட்பது மாநிலத்துக் கணக்கு இல்லை, ஒரு பண்ணையில் குட்டி போடும் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்துக்கு அங்கே வந்து பழகிய ஜோடியை அகற்றினால் வித்தியாசம் தெரிகிறது. அதோடு நின்றால் பயன் இல்லை என்பதும் உண்மை. பெரியவர் போன வருடம் இரண்டு பிரெனீஸ் காவல் நாய்களை விட்டார், வலை வேலியின் அடியை இறுக்கினார். கிடைத்த பலனில் பெரும்பங்கு நாய்களுக்குத்தான் போக வேண்டும், என் ஊதலுக்கு இல்லை.

செத்த ஆட்டைப் பார்க்காமல் கயோட்டி மேல் பழி போடாதீர்கள். தோலை உரித்துத் தொண்டையைப் பாருங்கள். கயோட்டி தாடைக்குக் கீழே தொண்டையைப் பிடிக்கும், பல் குத்திய ஓட்டையும் உள்ளே ரத்தக் கட்டும் இருக்கும். தொடை, காது, விலா என்று கண்ட இடத்தில் கடித்துக் குதறியிருந்தால் ஊர் நாயாக இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தக் கட்டே இல்லையென்றால் ஆடு முன்பே செத்துவிட்டது, பிறகு வந்து தின்றிருக்கிறது.

2024 பிப்ரவரி 19

சட்டம் தெரிந்த ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார், சரிதான். ஆட்டைத் தாக்கும் கயோட்டியைச் சுட நில உரிமையாளருக்கும் அவர் சார்பில் வருபவருக்கும் லைசென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று டெக்சஸ் விதியில் இருக்கிறது. நான் அக்டோபரில் "வேண்டும்" என்று ஒரே சொல்லில் முடித்தது தப்பு. ஆனால் தம்பி தற்காலிக விசாவில் இருந்தால் அந்தச் சலுகை உதவாது, அவரைக் காப்பது லைசென்ஸ்தான்.

2024 மார்ச் 10

தம்பிக்கு முதல் கயோட்டி. ஒன்பதாவது இடம், 18வது நிமிடம், இடது பக்க வெட்டவெளி, 70 கெஜம், ஒரே குண்டு. படத்தில் அவர் சிரிக்கவில்லை, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது.

கையுறை போடாமல் தொட்டிருக்கிறார், அதைச் சொல்லியாக வேண்டும். உண்ணியும் சொறியும் சாதாரணம். 1988இல் தெற்கு டெக்சஸில் கயோட்டிகளிடம் வெறிநாய்க்கடி நோய் பரவி, 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து இரையைக் கொட்டித்தான் அதை அடக்கினார்கள். கயோட்டிகளிடம் பரவிய அந்த வைரஸ் வகை இப்போது இல்லை, ஆனால் எந்தக் காட்டு விலங்கின் எச்சிலும் கையில் இருக்கும் வெட்டுக்காயத்தில் படக்கூடாது. தோலை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். மார்ச்சில் முடி உதிரத் தொடங்கிவிடும், விலைக்குப் போகாது. பெரிய குளிர்கோட்டு நிறுவனமான கனடா கூஸ் ரோமம் வாங்குவதை 2021இல் நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து நல்ல குளிர்காலத் தோலுக்கே கேட்பார் குறைவு. பதனிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் 24

பெரியவர் நேற்று இரவு போன் செய்தார். மேற்கு மேய்ச்சலில் இரண்டு குட்டி போயிருக்கிறது. தொண்டையைப் பார்த்தாராம், கயோட்டிதான். பொதுவாக ஏப்ரல் பக்கம் வந்துவிட்டால் நான் ஊதலை எடுக்க மாட்டேன், வளையில் குட்டி இருக்கும். இந்த ஒரு ஜோடிக்காக மட்டும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அது முடிந்தால் அக்டோபர் வரை கிடையாது.

தம்பி, சனிக்கிழமை காலை 6 மணிக்குப் பண்ணைக் கேட்டுப் பக்கம் நில்லுங்கள். காற்று தெற்கிலிருந்து என்கிறார்கள், அதனால் காற்றாலைப் பக்கம் வேண்டாம், பழைய தொட்டிக்குக் கிழக்கே நடப்போம். பைனாகுலர் மறக்க வேண்டாம். கையுறையும். வண்டிக் கதவைச் சாத்தாமல் இறங்குங்கள்.